குடையில்லாத கொக்கு

தெர்மாகோலை பிளேடால் அறுக்கும்போது ஒரு சத்தம் வருமே, பல்லைக் கூசவைத்துப் பிடரிவரை ஏறும் சத்தம், அதை இன்றைக்கு எங்கே கேட்டாலும் மிளகு தூக்கலாகப் போட்ட கொக்குக் கறியின் ருசி என் நாக்கில் வந்துவிடுகிறது. ருசி என்றுதான் சொல்லவேண்டும். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, சீர்காழிப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து, டிராக்டர் ஓட்டும் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் அமுதா அக்கா. தன் அப்பாவின் படகுகளில் பெயரும் மீனும் எழுதிப் பழகிய கை அவருக்கு. மகனைப் பால்வாடியில் விட வந்தவர், "இந்தச் செவுத்தப் பாத்தா எனக்கே அழுவ வருது, புள்ளைங்க அழுவாம என்ன பண்ணும்" என்று சொல்லிவிட்டு, பிறந்த வீட்டிலிருந்து மிச்சப் படகு பெயின்ட்டை வரவழைத்து வரைய ஆரம்பித்தார். குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வரும் நீர்நாய், கத்தரிக்கோலோடு துணி வெட்டும் நண்டு, பேப்பர் படிக்கும் மீன்கொத்தி என்று எங்கள் வாய்க்காலிலும் வரப்பிலும் தினமும் பார்க்கிற ஜீவன்கள்தான் சுவர் முழுக்க. ஆனால் அதற்கப்புறம் நிஜ மீன்கொத்தியைப் பார்த்தாலே அதன் பேப்பர் எங்கே என்று தேடத் தோன்றும்.

ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான் பள்ளி விட்டதும் அந்தச் சுவரடியில்தான் கிடப்பேன். எனக்கு வரையும் பைத்தியம் பிடித்தது அங்கேதான். சுவரின் நடுவில், கண்ணாடி மாட்டி, சிவப்புக் குடை பிடித்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த கொக்கை எத்தனை முறை சிலேட்டில் போட்டு அழித்திருப்பேனோ தெரியாது. பார்த்துப் போடுகிற பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் தலைக்கனம் வரும். கொக்கு எங்கேயாவது குடை பிடிக்குமா, நான் நிஜக் கொக்கே செய்து காட்டுகிறேன் என்று, சித்தப்பா வாங்கிய புது டிவிப் பெட்டியிலிருந்த தெர்மாகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்பாவுக்குச் சேறடிக்கும் நாட்கள் அவை. டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் கொக்குகளை வரப்பில் குந்திப் பார்த்துப் பார்த்துக் கழுத்தின் வளைவை அறுத்தேன். சைக்கிள் கம்பியில் கால், மஞ்சள் பெயின்ட்டில் மூக்கு. செய்தவற்றை வயல் சேற்றில் நட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். வானத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் வட்டமடித்து, என் கொக்குகளுக்கு நடுவே இறங்கி, உறவுக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் மேயத் தொடங்கியது.

அமுதா அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "அச்சு அசலா இருக்குடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்கு" என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கொக்குப் பிடிக்கிறவர்கள் பழக்கிய கொக்கு ஒன்றை வயலில் கட்டிவைத்து மற்றவற்றைத் தரையிறக்குவார்கள். அதற்குப் "பார்வை வைக்கிறது" என்று பெயர். என் கொக்குகளைச் சுற்றிச் சித்தப்பா நைலான் கண்ணிகளை நட்டிருந்தது எனக்குத் தெரியாது. சாயங்காலம் சாக்குப்பையோடு வந்தவர், "கொக்கு தலையில வெண்ணெ வெச்சுப் புடிக்கிறதும்பாங்க, எங்க அண்ணன் மவ தெர்மாகோல வெச்சே புடிச்சிட்டா!" என்றார். வீடே சிரித்தது. அம்மா நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்து, "நீ கொண்டாந்ததும்மா, சாப்புடு" என்றாள்.

அழுதேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சாப்பிட்டேன். மறுவாரம், "இன்னும் நாலு செஞ்சு குடுடா கண்ணு" என்று சித்தப்பா கேட்டபோது, தெரிந்தேதான் செய்து கொடுத்தேன். என் கைவேலையை வேண்டுமென்று கேட்ட முதல் ஆள் அவர். இரண்டாம் முறை கழுத்து இன்னும் நன்றாக வந்தது.

ஒருநாள் காலையில் வயலுக்குப் போனால், என் கொக்குகள் எல்லாம் கறுப்புப் பெயின்ட்டில் கண்ணாடி போட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலைக்குமேலும் குச்சியில் கட்டிய சிவப்புத் துணிக்குடை காற்றில் படபடத்தது. மேலே வந்த கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அது யார் கை என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. "பொழைக்க வந்த எடத்துல ஒன் வேலையப் பாத்துக்கிட்டு இரு" என்று சித்தப்பா அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தியபோது, என் கொக்கைக் கெடுத்துவிட்டாள் என்ற கோபத்தோடு நானும் அவர் பின்னால் நின்றேன். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தார். பொங்கலுக்குப் பால்வாடிக்கு வெள்ளையடித்தார்கள். ஊரில் சித்தப்பா சொன்னால் நடக்கும். நீர்நாயும் நண்டும் சுண்ணாம்புக்கு அடியில் போயின. அக்கா அதன்பிறகு எந்தச் சுவரிலும் வரையவில்லை.

நான் இப்போது சென்னையில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். துணி தேய்க்கும் ஆமை, டீ ஆற்றும் நாரை என்று என் கற்பனையை எல்லோரும் மெச்சுகிறார்கள். மெச்சும்போதெல்லாம் அக்கா வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். போன ஆடியில் புதுப் புத்தகத்தோடு ஊருக்குப் போனேன். பழைய பால்வாடியை இடித்து டைல்ஸ் ஒட்டிய கட்டடம் கட்டியிருக்கிறார்கள். சித்தப்பா இல்லை, கண்ணி வைப்பாரும் இல்லை.

அமுதா அக்கா பக்கம் பக்கமாகப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாத்துக்கும் கொடையக் குடுத்துட்டியேடி" என்றார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. தூரத்து வயலில், நெல்மணி அளவுக்கு, வெறும் கொக்கு ஒன்று.

"இதுக்கு ஒண்ணும் போடலயே?"

"அது சும்மா அழகுக்குக்கா."

"மேல பறக்குற கொக்குக்கு அது தெரியுமா?"

பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தக் குட்டிக் கொக்குக்கு ஒரு சிவப்புக் குடை போட்டார். அன்றைக்குத் தட்டின் முன்னால் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தள்ளி உக்காந்து அழுவுடி, மை இன்னும் காயல."