ஏரிக்கரைப் பேய் கட்டிய புடவை

பேய்ப் படத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பாவம். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. நெளிவேன், எழுந்து வெளியே போவேன், திரும்ப வருவேன், பக்கத்தில் இருப்பவர் காதில் முணுமுணுப்பேன். "பயமா இருந்தா கெளம்பிடலாம்" என்பார்கள். பயமாவது மண்ணாவது! எனக்கு வருவது எரிச்சல். தமிழோ தெலுங்கோ இந்தியோ, பேய் என்று ஒன்று வந்தால் அது பொம்பளையாகத்தான் இருக்கும். வெள்ளைப் புடவை கட்டியிருக்கும், தலையை விரித்துப் போட்டிருக்கும், நெற்றியில் பொட்டு இருக்காது. ஒரு தடவை அவளைக் கொன்றது போதாதென்று கடைசியில் ஒரு சாமியாரைக் கூட்டிவந்து இரண்டாவது தடவையும் கொல்வார்கள். ஜனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த உடுப்பை எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? எனக்கு அந்த உடுப்பு தெரியும். எங்கள் வீட்டுக் கொடியில் தினமும் காய்ந்தது அது.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம். அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நான் சின்னப் பெண், அம்மாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊர் கூடி அவளுக்கு வெள்ளையைக் கட்டிவிட்டது. நிலம் சித்தப்பா கைக்குப் போனது. அவர் மனசு வைத்தால் எங்களுக்கு நெல் வரும், வைக்காவிட்டால் வராது. பெரும்பாலும் வைக்கமாட்டார். எழுபதுகளில் எங்கள் பக்கம் ஒவ்வொன்றாகக் கம்பெனி வர ஆரம்பித்ததும், அம்மா யாரையும் கேட்காமல் ஒரு ஆணிக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள். ஆணியை எடைபோட்டு அட்டைப் பெட்டியில் கொட்டி ஒட்டுகிற வேலை.

சித்தப்பா தாம்தூம் என்று குதித்தார். "தாலி அறுத்தவ கம்பெனிக்குப் போறதா? எம் மானம் போவுது அண்ணி!"

"மானம் உங்க ஊட்லயே பத்திரமா இருக்கட்டும் தம்பி. எங்க ஊட்ல அரிசி இல்ல" என்றாள் அம்மா.

வேலையில் ஒன்றும் கஷ்டமில்லை. வழிதான் கஷ்டம். சாயங்காலம் கம்பெனி விட்டதும் ஏரிக்கரை மேலேயே நடந்து வரவேண்டும், பஸ் கிஸ் எதுவும் கிடையாது. அந்த வழியில் ஒரு சைக்கிள்காரன். எங்கள் ஊர்க்காரன்தான், கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவன். அம்மாவுக்குப் பின்னாலேயே மணியை அடித்துக்கொண்டு மெதுவாக உருட்டி வருவான். "தனியாவா போற? தொணைக்கு வரட்டா?" புருஷன் போய்விட்டால் பொம்பளை ஊர்ப் பொதுச் சொத்து என்று அவனுக்கு நினைப்பு. அவன் வந்த நாள் எது என்று எனக்குச் சொல்லவே வேண்டாம், அம்மா தூக்குச் சட்டியைத் தரையில் நங்கென்று வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். "போதுன்டி. நின்னுடலாம்னு இருக்குது" என்பாள். அம்மா வேலையை விட்டால் நான் சித்தப்பா வீட்டுக்கு மாடு கழுவப் போகவேண்டியதுதான். அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் அதோடு சரி.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் டூரிங் கொட்டகைக்கு ஒரு பழைய பேய்ப் படம் வந்தது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். அம்மா வரமுடியாது. அறுத்தவள் சினிமாவுக்கு வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் பக்கத்து வீட்டு அத்தையோடும் தெருப் பொம்பளைகளோடும் போனேன்.

கொட்டகையில் ஆம்பளை பக்கம், பொம்பளை பக்கம் என்று நடுவில் இடுப்பளவு சுவர் உண்டு. இரண்டு பக்கமும் மணல்தான். படத்தில் ஒரு ஜமீன் பங்களா, அதில் ஜமீன்தாரிடம் ஏமாந்து செத்துப்போன ஒரு பெண். அவள் கையில் விளக்கோடு, கொலுசு சத்தத்தோடு, பாடிக்கொண்டே வருகிறாள். ஆம்பளை பக்கம் ஒரே விசில். எங்கள் பக்கம் முதலில் மூச்சுப் பேச்சு இல்லை. ஜமீன்தார் படிக்கட்டில் தடுமாறி ஓடும்போது பார்க்கவேண்டுமே! "உடாதடி அவன! கழுத்தப் புடி!" என்று பக்கத்து வீட்டு அத்தை மணலில் முட்டிபோட்டு எழுந்து கத்தினாள். அவள் கத்தியதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் புருஷன் முன்னால் இருமக்கூட யோசிக்கிறவர்கள் அவர்கள்.

எனக்கு வேறொன்று உறைத்தது. அந்தப் பேய் இஷ்டப்பட்ட இடத்துக்குத் தனியாகப் போகிறது. தொண்டையைத் திறந்து பாடுகிறது. எங்கே போறே, யாரோடு போறே, ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருத்தன் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடுகிறான். அப்படியே முடித்திருந்தால் நான் அந்தப் படத்தைக் கும்பிட்டிருப்பேன். கடைசியில் கெடுத்தார்கள். பேயே இல்லையாம், செத்தவளுடைய தங்கச்சி வேஷம் போட்டாளாம். கதாநாயகன் அவள் கையைப் பிடிக்கிறான், அடுத்த காட்சியில் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, சிரிப்பு. பேயாக இருந்தவரைக்கும் பாடின வாய், பட்டுப் புடவை வந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அம்மாவுக்கு முழுக் கதையும் சொன்னேன். கொலுசு சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைசில கட்டிக்கினு வருதே, அந்தப் பொடவ இன்னா கலரு?" என்றாள்.

"கறுப்பு வெள்ள படம்மா. எப்பிடித் தெரியும்?"

"நான் பாத்திருந்தா சொல்லிருப்பேன்" என்று சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

ஆணிக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய் பூசுவார்கள். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொள்ளும். அந்த வாரம் ஒரு நாள் நாற்றம் தாங்காமல் அம்மா கம்பெனிக் குழாயிலேயே தலையை அலசிவிட்டு, ஈரம் காயட்டும் என்று முடியை விரித்தபடியே கிளம்பியிருக்கிறாள். பொழுது சாய்ந்து மசமச என்று இருட்டுகிற நேரம், ஏரியிலிருந்து நல்ல காற்று. கையில் காலி தூக்குச் சட்டி, அதற்குள் ஸ்பூன். நடக்க நடக்க அது சலங் சலங் என்று ஆடியிருக்கிறது. பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டு, இன்றைக்கு இவனை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அம்மா சட்டென்று திரும்பி நின்றாள்.

அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தான் போல. "யம்மோவ்!" என்று ஒரு சத்தம். சைக்கிள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ஆள் நெல் வயலுக்குள் விழுந்து எழுந்து ஓடியே போய்விட்டான். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடிச்சிருப்பான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவனுக்குக் குளிர் ஜுரம் கண்டது. பொண்டாட்டி அவனைப் பெரியபாளையத்து அம்மனிடம் கூட்டிப்போய், வேப்பிலையைச் சேலையாகக் கட்டவைத்து, கோயிலைச் சுற்றவைத்துக் கூட்டிவந்தாள். ஏரிக்கரையில் பேய் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சும்மா இருப்பார்களா? இன்னொருத்தன் புளிய மரத்தடியில் பார்த்தேன் என்றான். இன்னொருத்தன் அதற்குக் கால் இல்லை, கொலுசு மட்டும் இருந்தது என்றான். கால் இல்லாமல் கொலுசை எங்கே மாட்டிக்கொள்ளும் என்று நான் கேட்டதற்கு மண்டையில் ஒரு குட்டு கிடைத்தது.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் விழித்தாள். பிறகு தூக்குச் சட்டியைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள். சிரித்தாளே ஒரு சிரிப்பு! அப்பா போனபிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்று என் வாயைப் பொத்தினாள்.

அப்புறம் கொஞ்ச நாள் ராஜ வாழ்க்கை. பொழுது சாய்ந்தால் கரையில் ஈ காக்கை கிடையாது. மணியடிக்க ஆளில்லை, தொணைக்கு வரட்டா என்று கேட்க ஆளில்லை. அம்மா ஏரி முழுக்கத் தனக்கே சொந்தம் மாதிரி கையை வீசிக்கொண்டு வருவாள். சில நாள் பாடிக்கொண்டு வந்தேன் என்று அவளே சொன்னாள். வேலையை விடப்போகிறேன் என்ற பேச்சே போய்விட்டது. ஊரார் பூசாரியைக் கூட்டிவந்து புளிய மரத்தில் பெரிய ஆணியாக ஒன்று அடித்தார்கள். "நான் பொட்டலம் கட்ன ஆணியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. ஆணியடித்த மறுநாளும் அதே வழியில்தான் வந்தாள்.

ஆனால் ஊரில் பாதி ஆம்பளைகள் சாயங்கால ஷிப்டுக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். போக பயந்து சம்பளம் பிடித்தம் ஆனது. பேஜாராகிவிட்டது அவர்களுக்கு. கம்பெனி விடுமுறை நாள் பார்த்து மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஊரே நைனா என்று கூப்பிடுகிற பெரியவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆம்பளைகள் முன்னால், பொம்பளைகள் பின்னால். பூசாரி வழி சொன்னான்: "நாளைக்குப் பொழுது சாயற நேரத்துல கரையாண்ட பதுங்கிக்கினு இருக்கணும். அருவா, தீப்பந்தம் எடுத்துக்கோங்க. வந்ததும் மூஞ்சில நெருப்ப வெச்சிட்டு இரும்பால போடணும். அப்பத்தான் போவும்."

அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், சொல்லிடும்மா, சொல்லிடும்மா என்று. அவள் என் கையை எடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"நெருப்பெல்லாம் வேணாம் நைனா. அது நான்தான்."

யாரோ ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். சைக்கிள்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பொண்டாட்டி அவனையே பார்த்தாள்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் நைனா.

"என்னாண்ட யாரு கேட்டீங்க? தெனமும் அந்த வழியாத்தான் வரேன். ஒருத்தன் பின்னால மணியடிச்சிக்கினு வந்தான், அத்த யாரும் கேக்கல. பேயின்னதும் கூட்டம் போட்டுட்டீங்க."

சித்தப்பா எழுந்தார். "போதும் அண்ணி. உன்னால ஊரே சிரிக்குது. நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போவாத. பொண்ண எங்க ஊட்டுக்கு அனுப்பிடு."

முடிந்தது என்று நினைத்தேன். மாட்டுக் கொட்டகை வாடையே எனக்கு அடித்துவிட்டது.

அம்மா அவரைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்துச் சொன்னாள்: "நான் நடந்ததாலயா பயந்தாங்க நைனா? நடக்கிறது எல்லாருந்தான் நடக்கிறாங்க. இந்த வெள்ளப் பொடவையப் பாத்துத்தான பேயின்னாங்க? அப்ப பொடவைய மாத்திடறேன். ஒரு கலர் பொடவ கட்டிக்கினு போறேன். ஒருத்தனும் பயப்பட மாட்டான். ஊரு சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

முன்னால் இருந்த ஆம்பளைகளுக்கு முகம் வெளிறிப்போனது. பேய் என்று சொன்னபோதுகூட அவர்கள் முகம் அப்படிப் போகவில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கொட்டகையில் முட்டிபோட்டுக் கத்தின பக்கத்து வீட்டு அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடாதடி என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

நைனா தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் ஆவாதும்மா. நம்ம ஊர்ல வழக்கமில்ல. அம்மன் ஒத்துக்காது, மழ தண்ணி பேயாது. நீ இப்ப போற மாரியே போயிட்டு, வர மாரியே வா. இன்னாரு வராங்கன்னு தெரிஞ்சிபோச்சில்ல, எவனும் பயப்பட மாட்டான். பயப்படறவன் பயந்துக்கினு போவட்டும்." சித்தப்பா பக்கம் திரும்பினார். "உடுப்பா. வேலைக்குப் போவட்டும். இதுக்கு அது மேலு."

சித்தப்பாவும் தலையாட்டினார். கலர் புடவைக்குப் பேயே மேல் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வேலைக்குப் போகலாம், நான் பள்ளிக்கூடம் போகலாம், மாட்டுக் கொட்டகை இல்லை! தெருவில் அம்மாவுக்குப் பின்னால் குதித்துக்கொண்டே வந்தேன். "யம்மா, இன்னா மூளம்மா உனக்கு! கலர் பொடவன்னு ஒரு போடு போட்ட பாரு, அல்லாரும் ஆடிப் போய்ட்டாங்க. எப்பிடிம்மா தோணிச்சி? அப்பிடிச் சொன்னா வேலைக்கு உட்ருவாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா வாசலில் நின்றாள். திரும்பியபோது அவள் கண் ரெண்டும் நிறைந்திருந்தது.

"நான் நெஜமாத்தான்டி கேட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.