செசிலியின் வைக்கோல்

அரியலூர்ப் பக்கம் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, என்னைவிட நல்ல பிள்ளை அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தேன். இருபத்தெட்டு வைக்கோல்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்பே எங்கள் சிஸ்டர் ஒரு சாக்பீஸ் பெட்டியை மேசைமேல் வைத்துவிடுவார். பாலன் இயேசு படுக்கப்போகும் தொட்டி அதுதான். பக்கத்தில், பங்குச்சாமியார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்த வைக்கோல் கட்டு. வகுப்பில் யாருக்காவது ஓர் உதவி செய்தால் ஒரு வைக்கோலை எடுத்துப் பெட்டியில் போடலாம். பாலனுக்கு மெத்தை தயாராகும். ஆனால் புளுகு செல்லாது. சாயங்காலம் நாங்கள் செய்ததைச் சொன்னதும், உதவி பெற்றவள் எழுந்து நின்று "ஆமா சிஸ்டர்" என்று சொல்லவேண்டும்.

உதவி செய்ய ஆள் தேடி அலையவேண்டிய கஷ்டம் எங்களுக்கு இல்லை. செந்துறைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் செசிலி இருந்தாள். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன வலது காலில் தொடைவரை இரும்புக் கம்பியும் தோல்வாரும். எழுந்திருக்கவேண்டுமானால் காலை நீட்டி, முழங்காலில் இருக்கும் கொக்கியை அழுத்தவேண்டும், டக்கென்று பூட்டிக்கொள்ளும். அவள் பையைத் தூக்க மூன்று பேர், சோற்று டப்பாவைத் திறக்க இரண்டு பேர் என்று அடித்துக்கொண்டோம். விளையாட்டு நேரத்தில் அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அசையவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான். அதற்கும் ஒரு வைக்கோல் வாங்கினேன். வீட்டில் அம்மா மட்டும் நம்பவில்லை. "வூட்டுல ஒரு துரும்ப நவுத்த மாட்டா, அங்க போயி ஊருக்கே ஒழைக்கிறாளாம்" என்றாள்.

லீவு விடுவதற்கு முதல் நாள் மதியம் செசிலி என்னிடம் கேட்டாள். "எனக்கு ஒன்னுகூட இல்லடி. ஒன் டப்பாவ நான் கழுவித் தரட்டா?"

"நீ பேசாம ஒக்காரு புள்ள, நாங்கதான் இருக்கோம்ல" என்றேன், பெருந்தன்மையாக. அவள் முகம் வாடிவிட்டது. வெயில் என்று நினைத்து நோட்டால் விசிறிவிட்டேன்.

அவளுக்குத் தண்ணீர் பிடிக்க அடிபம்புக்கு ஓடியபோதுதான், வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கருவேல முள் என் குதிகாலில் ஏறியது. ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினேன். மற்றவர்கள் கோகோ ஆட்டத்தில் இருந்தார்கள், ஒருத்தி திரும்பவில்லை. செசிலிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்து, சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"ஆட்டாதடி. வந்துருச்சு... இந்தா பாரு."

முள்ளை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் செசிலி கை தூக்கினாள். எனக்கு முள் எடுத்ததாகச் சொன்னாள். வகுப்பே என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து ஆமாம் என்று சொல்லவேண்டும். இருபத்தெட்டு வைக்கோல்காரி, ஒரு முள்ளுக்கு ஓவென்று அழுதவள் என்று எல்லார் முன்னாலும் நிற்பதா? அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். சிஸ்டர் காத்திருந்தார். செசிலி தூக்கிய கையை இறக்கவே இல்லை. கடைசியில் நல்ல காலை ஊன்றி எழுந்தேன்.

"ஆமா சிஸ்டர்."

செசிலி மேசைக்குப் போனாள். இருந்ததிலேயே நீளமான வைக்கோலாகத் தேடி ஒன்றை உருவி, தொட்டியில் தலைமாட்டுப் பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், வலிக்கிற காலோட எந்திரிச்சு நின்னு அவளுக்காகச் சொன்னேன்ல. அதுவும் உதவிதானே?"

வகுப்பு சிரித்தது. சிஸ்டர் செசிலியைப் பார்த்தார். அப்போதுதான் உட்கார்ந்தவள் மறுபடி காலை நீட்டினாள். டக். எழுந்து நின்று, "ஆமா சிஸ்டர்" என்றாள்.

இருபத்தொன்பதாவது வைக்கோலைப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வைக்கோலை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருந்த எனக்கு, அந்த நாலு வாரமும் சாயங்காலந்தோறும் அந்த இரும்பு எத்தனை முறை டக்கென்றது என்று எண்ணத் தோன்றவில்லை.