என் மனைவி பார்த்த யானை

பலாப்பழக் காலம் வந்தால் எங்கள் எஸ்டேட்டுக்கு யானை வரும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில் பாதித் தோட்டங்களுக்கு இந்த மரியாதை உண்டு. எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் யானை பார்த்தவர்கள். சிலரை யானையும் நன்றாகப் பார்த்திருக்கிறது. பார்க்காத ஒரே ஆள் என் மனைவி. முதல் தடவை வந்தபோது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அடுத்த தடவை ரேஷன் கடை வரிசையில் நின்றாள். மூன்றாம் தடவை அது எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே நின்றது. இவள் காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதுதான் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "அக்காளுக்குக் காலண்டர் யானையே போதுமுங்க. அது தூக்கத்தக் கெடுக்காது." அன்று சாயங்காலம் என் டீயில் சர்க்கரை இல்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு மாயாற்றங்கரைக் காட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலுக்கே வருகிற ஒன்றைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போன குடும்பம் இந்த மலையில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

காடு சுற்றிக் காட்டும் வனத்துறை வேனில் ஏறியதும், சத்தம் போடக் கூடாது என்று ஓட்டுநர் சத்தமாகச் சொன்னார். முதல் புள்ளிமானுக்கு வேன் நின்றது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். நாற்பதாவது மானை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், அது கொஞ்சம் முன்னால் வந்து நின்றிருக்கலாம். யானை போன தடம், யானை உரசிய மரம், ஆவி அடங்காத சாணம் என்று யானையைத் தவிர எல்லாவற்றையும் ஓட்டுநர் காட்டினார். நேற்று வந்தவர்களுக்கு நல்ல யோகமாம். நேற்று வந்தவர்களிடம் முந்தாநாளைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

மனைவி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆறு வளைகிற இடத்தில் வேன் சட்டென்று நின்றது. மூங்கிலை விலக்கிக்கொண்டு ஒரு கொம்பன் யானை தண்ணீருக்கு இறங்கியது. அதுவும் எங்கள் ஜன்னல் பக்கமே. எங்கள் ஆட்கள் யானையை நேரில் கண்டால் பேர் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்றுதான் சொல்வார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். மனைவி "பெரியவரே" என்று கை கூப்பினாள். கூப்பியவள் கண்ணையும் மூடிக்கொண்டாள். மூத்தவன் பரீட்சை, ஒழுகும் கூரை, என் முழங்கால் என்று அவளிடம் விண்ணப்பங்கள் ஏராளம். நான் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள். பெரியவர் தண்ணீர் குடித்தார், மண்ணை வாரி முதுகில் இறைத்துக்கொண்டார், புதருக்குள் போய்விட்டார். வேன் கிளம்பிய குலுக்கலில்தான் கண்ணைத் திறந்தாள்.

"எங்கீங்க?" என்றாள்.

ஊட்டியில் பஸ் மாறினோம். கோத்தகிரி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கொம்பு எத்தன நீளமுங்க?" சொன்னேன். காதைப் பற்றிக் கேட்டாள், வாலைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் சொன்னேன்.

மறுநாள் கொழுந்து ஏற்றும் லாரியோடு நான் போனபோது, நிறுக்கும் இடத்தில் அவள் எல்லோருக்கும் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைவிட யானை ஒரு சாண் வளர்ந்திருந்தது. இடது கொம்பின் நுனி முறிந்திருந்ததாம். அது எனக்கே புதுச் செய்தி. பக்கத்து வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, நெசந்தானுங்களா? நீங்களும் பாத்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி மட்டும் தராசைப் பார்த்தாள்.

"நான் எங்கம்மா பாத்தேன்? கும்புடறேன்னு கண்ண மூடிட்டேன். தெறந்தா பெரியவரக் காணோம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதிகம் சிரித்தவள் என் மனைவிதான்.

"நானும் தோளத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டேனுங்க," என்றாள். "கையத் தட்டி உட்டுட்டாரு மனுசன்."