திர்ஹம் இருபதைத் தொட்டால்

இன்று அகரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், போனில் ஏறி இறங்கும் ஒரு கோட்டை விரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷேர் மார்க்கெட்டா என்று கேட்டேன்.

"இல்லக்கா, திர்ஹம் ரேட்டு. எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

"இந்தா, பதினேழு ரூவாயில நிக்குதுல்ல, அப்பத்தான் எங்க கல்யாணம். இருபது ஆனதும் ஒரேயடியா வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. இந்த மேட்டுல மக பொறந்தா. இங்க மாமனார் தவறிட்டாரு. இப்ப இருபத்தி மூணையும் தாண்டிருச்சு."

"அப்ப வரவேண்டியதுதானே?"

"ஏறுற நேரத்துல எப்புடி விட்டுட்டு வாரதுங்கிறாரு. கொஞ்சம் எறங்குனா, இம்புட்டு எறங்கிருச்சே, கையில என்ன நிக்கும்ங்கிறாரு."

ஆறுதலாக ஏதாவது சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க வீட்டுக்காரரு எங்கக்கா?" என்றாள்.

"சவூதி" என்றேன்.

அவள் போனில் ரியால் ரேட்டைத் தேடி எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து, பழனிக்கு நேர்ந்து காசு முடிந்துவைக்க மஞ்சள் துணியை எடுத்து வைத்திருக்கிறேன். ரேட் ஏறவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இறங்கவேண்டும் என்றா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். துணி இன்னும் கையில்தான் இருக்கிறது.