தனக்கோடியின் கொடுவாவும் நம்முடைய எட்டு நாட்களும்

தனக்கோடி இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ரங்கூன் கோர்ட்டு வராந்தாவில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் நம் தமிழர் சங்கத்துச் சேவகர். அவர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று கறுப்புக் கரையிட்ட மரண அறிவிப்பு. மற்றது சங்கத்தின் காரியதரிசி எனக்கு எழுதிய சீட்டு. நம் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு "நமது வீரரைப் பற்றி நாலு பக்கம், உணர்ச்சி பொங்க" எழுதித் தரவேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அப்போது உடல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. அறிவிப்பு மட்டும் அச்சாகி வந்துவிட்டது. கேட்டபடி எழுதுகிறேன். உணர்ச்சிக்கு நான் பொறுப்பேற்க முடியாது. நடந்ததை நடந்த வரிசையில் எடுத்துச் சொல்வது வக்கீலின் தொழில். அதை மட்டும் செய்கிறேன்.

அவரை மாலை போட்ட அளவில் மட்டும் அறிந்தவர்களுக்காகச் சில விவரங்கள். தனக்கோடி செங்கல்பட்டுப் பக்கத்தவர். துறைமுக லாஞ்சுகளில் எஞ்சின் பார்க்கும் ஃபிட்டர். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் மனைவி அஞ்சலையோடு வாழ்ந்தார். பிள்ளைகள் இல்லை. இறக்கும்போது வயது நாற்பத்திரண்டு.

ஆறு வருஷங்களுக்கு முன் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சிரியம் ஊரில் ஒரு வழக்கு முடிந்து, ரங்கூனுக்குத் திரும்ப நீராவிப் படகுக்காகத் துறையில் காத்திருந்தேன். துறையின் கோடியில் ஒரு தமிழர், சுருள் பொருத்திய தூண்டில் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் வகைக் கோல். மூட்டை தூக்குபவர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா தனக்கோடி, தொரை ஆயிட்டியா?" என்றார் ஒருவர்.

"தொரை ஆயிருந்தா இந்த வெயில்ல நான் எதுக்கு நிக்கிறேன்? உன்னை நிக்க வச்சிட்டு நான் குடைக்குள்ள குந்தியிருப்பேன்."

மீன் வேண்டுமானால் வலை வீசலாமே, இவ்வளவு மெல்லிய நூல் எதற்கு என்று நான் கேட்டேன். அவர் என் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். "வக்கீலய்யா, நூல் தடிச்சா அது ஆட்டம் இல்ல, கசாப்பு. அறுத்துக்கிட்டுப் போறதுக்கு மீனுக்கும் ஒரு வழி விடணும்" என்றார். அன்று சிக்கிய மீன் அந்த வழியாகவே போய்விட்டது. தளர்ந்த நூலைச் சுற்றிக்கொண்டே, "போயிட்டான் பாருங்க, கெட்டிக்காரப் பய" என்று அவர் மனதாரச் சிரித்தார். நான் பல வழக்குகளில் தோற்றவன். ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தக் கோல் பிரான்சு தேசத்துத் தென்கரையிலிருந்து வந்தது. மகாயுத்தத்தின்போது அவர் வேலை பார்த்த கப்பல், மத்தியதரைக் கடலில் மார்சேய் துறைமுகத்தில் பழுதாகி ஏழு மாதம் நின்றது. அங்கே கயிறு விற்கும் ஒருவனோடு அவருக்குச் சிநேகம் உண்டானது. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இருவரும் பாறைகளில் நின்று தூண்டில் போட்டே பேசிக்கொண்டார்கள். அந்தக் கடலின் மீன்களை அவர் எனக்கு ஆட்களை அறிமுகப்படுத்துவதுபோலச் சொல்லியிருக்கிறார். அலை நுரைக்கும் இடத்தில் வேட்டையாடும் ஒரு வெள்ளி மீனை அவ்வூரார் ஓநாய் என்பார்களாம். நம் கொடுவாவுக்குத் தூரத்துப் பங்காளி என்பார் தனக்கோடி. நெற்றியில் பொன்பட்டம் கட்டிய மீன் ஒன்று, நண்டையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். மடவைகள் படித்துறையில் ரொட்டித் துண்டுக்குக் கூட்டமாக வரும். கோடை முடிந்தால் சூரை வரும். மணலில் புதைந்து முதுகு முள்ளை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மீன் ஒன்று ஒருநாள் அவர் காலில் குத்திவிட்டது. கயிற்றுக்காரன் அவரைச் சாராயக்கடை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போய், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தினானாம். "அழுதேன் ஐயா. அப்புறம் ரெண்டு பேரும் அந்த மீனையே வறுத்துத் தின்னோம்" என்றார்.

ரங்கூனில் வெள்ளைக்காரர்களின் தூண்டில் கிளப் ஒன்று வருஷந்தோறும் கியாக்தான் ஓடையில் பந்தயம் நடத்துகிறது. பெரிய கொடுவாவைப் பிடிப்பவருக்குக் கோப்பை. சென்ற குளிர்காலத்தில் தனக்கோடியையும் சேர்த்துக்கொள்ளும்படி கிளப்புக்கு எழுதியவன் நான். அவர் கேட்கவில்லை. அவர் திறமையைக் கண்டு, இதை நாம் விடக்கூடாது என்று எனக்குத்தான் தோன்றியது. நான்கு கடிதங்களுக்குப் பிறகு, ஒரு நிபந்தனையோடு இணங்கினார்கள். மற்றப் போட்டியாளர்களுக்குப் படகுக்காரன் இரை கோர்ப்பான், வலைக்கூடையால் மீனை அள்ளிக் கொடுப்பான். இவருக்கு அது கூடாது. கோலையோ நூலையோ மீனையோ வேறு கை தொடக்கூடாது. மீன் கரை சேரும்வரை எவ்வகை உதவியும் கூடாது. மீறினால் அந்த மீன் கணக்கில் வராது. இழிவான நிபந்தனை. இழிவு என்று தெரிந்தே அவர் சார்பில் கையெழுத்திட்டேன். அவரிடம் சொன்னது பிறகுதான். "சரி ஐயா, நான் எப்பவும் தனியாத்தானே புடிக்கிறேன்" என்றார்.

பந்தயத்தன்று எங்கள் சம்பானில் மூவர் இருந்தோம். தனக்கோடி, சாட்சியாக நான், படகோட்டி கோ போ. கோ போ துறைமுகத்தில் நம்மவரோடு வளர்ந்த பர்மியர். நம் பேச்சு அவருக்கு நன்றாக வரும். சற்றுத் தூரத்தில் கிளப்பின் லாஞ்ச் நின்றது. அதன் மேல்தட்டிலிருந்து கிளப் செயலாளர் தூரதரிசினியால் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் எதுவும் கடிக்கவில்லை.

"தனக்கோடி, உன் மீன் தீவுப் பயாக் கோயிலுக்குக் கும்பிடப் போயிருக்கு. நாளைக்குத்தான் வரும்" என்றார் கோ போ.

"கும்பிட்டுட்டே வரட்டும். அவசரமா வந்து எந்த ஆபீசுக்குப் போகணும்?"

பேசி வாய் மூடுமுன் கோல் வளைந்தது. கொடுவா நீருக்கு மேலே முழு உடம்பும் தெரியத் துள்ளி, தலையை உதறி விழுந்தது. அவ்வளவு பெரியதை நான் கடைத்தெருவிலும் கண்டதில்லை. அது வலைக்கம்புகள் நட்டிருந்த பக்கம் ஓடியது. கம்பில் நூல் சுற்றிக்கொண்டால் அறுந்துவிடும். தனக்கோடி கோலோடு இடுப்பளவுச் சேற்றுநீரில் குதித்து மீனை அப்பால் திருப்பினார். நாலைந்து எட்டு வைத்திருப்பார். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"திருக்கை" என்றார். சேற்றில் படுத்திருந்த திருக்கை கணுக்காலில் வால்முள்ளைச் செலுத்திவிட்டது. அந்தப் பழுப்பு நீரில் இரத்தம்கூடத் தெரியவில்லை.

கோ போ படகை ஒட்டி நிறுத்திக் கையை நீட்டினார். "கோலை இப்படிக் கொடு. நீ ஏறு."

"தொடாதே" என்றேன் நான்.

தனக்கோடியின் முகம் வெளுத்திருந்தது. கோலை இரு கையாலும் பிடித்தபடியே படகின் சிற்றடுப்பைப் பார்த்தார். அதில் கோ போவின் தேநீர்க் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. "வக்கீலய்யா, அந்தச் சுடுதண்ணி. படகு விளிம்புல காலை வைக்கிறேன், ஊத்தினாப் போதும். கோலை நானே புடிச்சிருக்கேன்."

நான் லாஞ்சைப் பார்த்தேன். தூரதரிசினி எங்கள் மேலேயே இருந்தது. எவ்வகை உதவியும் கூடாது என்ற சொற்களுக்குக் கீழே நான் கையெழுத்திட்டிருந்தேன். "இன்னும் கொஞ்ச நேரம், தனக்கோடி. பொறுத்துக்கொள்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. கோ போ என்னைப் பார்த்துப் பர்மிய பாஷையில் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத இயலாது. ஆனால் அது சரியான சொல். அந்தக் கொஞ்ச நேரம் என் கடிகாரத்தில் நாற்பது நிமிஷம். நூலை அறுத்துவிடு என்று நான் சொல்லியிருந்தால் தனக்கோடி உடனே அறுத்திருப்பார். மீன் தப்பிப் போவதை அவர் ஒருபோதும் தோல்வியாக எண்ணியதில்லை. அப்படி எண்ணியவன் நான்.

மீன் கரையேறியது. நிறுத்தார்கள். அதுவே பெரியது. கிளப் செயலாளர் தாமே இறங்கி வந்து, தொப்பியை எடுத்துவிட்டு, தனக்கோடியின் கையைக் குலுக்கினார். பிறகு காலைக் குனிந்து பார்த்தார். இவரை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும், என் லாஞ்சில் இப்போதே புறப்படலாம் என்று என்னிடம் சொன்னார். எங்கள் மனிதரை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அந்த வாக்கியத்தின் நேர்த்தியில் எனக்கு அப்போது திருப்திகூட இருந்தது.

நாம் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எட்டு நாட்கள், மூன்று பாராட்டுக் கூட்டங்கள். முதல் கூட்டத்தில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேர் பேசி முடிக்கும்வரை அவர் மேடையில் நின்றார். அவரை உட்காரச் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் கூட்டத்தில் அவர் நடுங்கியதைப் பணிவு என்று ஒருவர் வர்ணித்தார். அது ஜுரம். கோப்பையோடு போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனபோது, வெறுங்காலோடு நின்றால் நம் சமூகத்துக்கு மதிப்பில்லை என்றார்கள். வீங்கிய காலுக்குப் பெரிய பூட்ஸ் தேவைப்பட்டது. என்னுடையது பொருந்தியது. இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அதை மாட்டிவிட்டார். அந்தப் போட்டோவைத்தான் இந்த இதழில் அச்சிடப் போகிறார்கள். முகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

மீனையும் நாம் விடவில்லை. சங்க மண்டபத்தில் பனிக்கட்டிமேல் கிடத்தினோம். பார்த்துப் போக வரிசையில் வந்தார்கள். முதல்நாளே அஞ்சலை ஒரு சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "புடிச்சதை அன்னிக்கே ஆக்கித் தின்னுடணும்பாரு. இல்லாட்டி சின்னதா இருந்தாலும் பெருசா இருந்தாலும் தண்ணியிலயே விட்டுடுவாரு. குடுத்துடுங்க சாமி, அவரு மனசு கஷ்டப்படுறாரு" என்றாள். "அம்மா, இது சாப்பாட்டு மீன் இல்லை, சரித்திரம்" என்று காரியதரிசி சொன்னார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் சரித்திரம் நாறியது. குப்பை வண்டியில் ஏற்றும்போது அஞ்சலை எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள், மூன்றாவது கூட்டத்தில், மாலையோடு அவர் மேடையிலேயே சரிந்தார். அதன்பிறகே ஆஸ்பத்திரி. காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். விஷம் அதற்குள் இரத்தத்தில் ஏறிவிட்டது. அந்த வெந்நீர் இந்த உயிரைக் காத்திருக்காது, வலியைத்தான் குறைத்திருக்கும், இழந்த எட்டு நாட்கள்தான் காரணம் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும்.

கடைசி மாலை நான் போனபோது அஞ்சலை கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். தனக்கோடியின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஐயா, அந்த மீனை ஆக்கினீங்களா?"

முப்பது வருஷமாகப் பொய்ச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்பவன் நான். "ஆக்கினோம். நம்மவர் எல்லோரும் சாப்பிட்டார்கள்" என்றேன்.

"யாரு வச்சது?"

அஞ்சலை என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் வச்சேன்" என்றாள்.

"புளி?"

"கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

"உன் கை எப்பவும் அப்படித்தான்" என்று அவர் சிரித்தார். மறுநாள் காலை இறந்தார்.

தகனம் முடிந்து திரும்பும்போது அஞ்சலையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்துவிட்டாள். "அவருக்காகச் சொன்னேன் ஐயா. உங்களுக்காக இல்ல."

கோப்பை சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. படத்திறப்புக்கு நாள் பார்க்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். என்னைப் பேச அழைக்கவேண்டாம். தனக்கோடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் நம்பிவிட்டுப் போன அந்த ஒரு பொய்தான். அதிலும் பாதி அஞ்சலையுடையது.