அக்கா வெளியேறிய குழு

அக்கா வெளியேறினார் என்று கைப்பேசித் திரையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி. வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு குழுவைவிட்டுப் போனால் வருகிற, யாரும் நின்று படிக்காத வரி. அன்று மத்தியானம் மட்டும் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதைப் படித்தோம். பேண்ட்ரியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்த நான் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா தன் மேசையில் உட்கார்ந்து, பாகான் செராய்க்குப் போன லாரி டிரைவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் இருக்கும் லாரி போக்குவரத்துக் கம்பெனி அது. இன்றும் நான் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். லாரிகளை அனுப்பும் பிரிவில் அக்காதான் மூத்தவர். பழைய சூப்பர்வைசர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வேலையையும் அவரே இழுத்துப்போட்டுச் செய்தார். பதவி மட்டும் கைக்கு வரவில்லை; எப்படியும் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தோம். எங்கள் இடத்தில் சண்டை வருவதென்றால் பெருநாள் லீவில்தான் வரும். மலாய்க்காரர்களின் ஹரிராயாவுக்கும் சீனப் பெருநாளுக்கும் தமிழர்கள் நாங்கள் வேலைக்கு நிற்போம், தீபாவளிக்கு மற்றவர்கள் நிற்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் யாருக்கு, மறுநாள் யாருக்கு என்று வரும்போது எல்லோருடைய முகமும் மாறிவிடும். அக்கா அதை ஒருபோதும் தனியாக முடிவு செய்ததில்லை. எல்லோரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டு, எல்லோர் காதும் கேட்கத்தான் பேசுவார்.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். தோட்டத்தைப் பற்றி உருகிப் பேசி நான் கேட்டதே இல்லை. “காலையில பெரட்டுல ஆள் கூப்பிடுறதுக்கு முன்னாலயே, யாருக்கு எந்த நெரை மரம்னு கணக்கெழுதுற கிராணி வீட்டு வாசல்ல முடிஞ்சிரும்லா. எங்கப்பா அந்த வாசல்ல போய் நிக்க மாட்டாரு. கடைசி வரைக்கும் மேட்டு நெரையிலதான் ஏறி எறங்கிப் பால் வெட்டினாரு” என்பார். தன்னிடம் யாராவது வந்து இன்னொருவரைக் குறை சொன்னால் உடனே எழுந்து, “வா, அவங்ககிட்டயே போலாம்” என்று கிளம்பிவிடுவார். பாதிப் பேருக்கு அங்கேயே குறை தீர்ந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து புது மானேஜர் வந்தார். எங்களோடு வேலை செய்த ஒருவரை மலாய்க்காரர், சீனர் எல்லோருமே மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பழகும் மனிதர். அந்த மச்சான், மானேஜரைச் சேர்க்காமல் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். மானேஜரை வாய்க்கு வந்தபடி திட்டுவதுதான் அதில் வேலை. மற்றவர்களோடு அக்காவையும் கேட்காமலே சேர்த்துவிட்டார். அக்கா ஒரு வார்த்தை எழுதாமல் வெளியேறினார். ஏன்க்கா ஒன்றும் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன். “ஆள் இல்லாத எடத்துல ஆளப் பத்திப் பேச்சு. எனக்கு அங்க என்ன வேலை? சொல்லிட்டுப் போனா உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற மாதிரி ஆயிரும்லா” என்றார். நல்ல மனசுதான். அந்த மௌனத்துக்கு மற்றவர்கள் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சில வாரங்களில் மானேஜர் எங்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்கு அழைத்தார். குழுவில் பேசியதைப் படம் பிடித்து யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டி, இதில் உன் பேச்சு எது என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் நாம் எழுதியது நம் கைப்பேசியில் வலப்பக்கம் பச்சைக் கட்டத்தில் தெரியும். அந்தப் படத்தில் பச்சையில் இருந்தவை மச்சான் எழுதியவை; அவர் பெயரில் குழுவில் நானே படித்தவை. மச்சானின் கைப்பேசியிலிருந்து எடுத்த படம் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் வெளியே வருவதற்குள் பேண்ட்ரியில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குழுவைவிட்டுப் போனவர்தானே போட்டுக் கொடுத்திருப்பார்? மறுநாளிலிருந்து அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தால், மற்றவர்களுக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

கார் நிறுத்துமிடத்தில் அக்காவைப் பிடித்து, படத்தில் பார்த்ததைச் சொன்னேன். “எனக்கும் காட்டினாரும்மா, பார்த்தேன். மச்சானையே நேர்ல கேட்டேன். சிரிச்சிக்கிட்டே, ஐயோ அக்கா, நானான்னு கேக்கிறான்” என்றார். மானேஜரிடமும் மற்றவர்களிடமும் நான் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம். நான்தான் ஏவிவிட்டேன்னு சொல்வாங்க. பதவி போனா போவுது. கூட இருந்து காட்டிக்கொடுத்தவளா மட்டும் என்னைய நெனைக்கக்கூடாது. நாளானா அவங்களே புரிஞ்சுக்குவாங்க.” அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

கூட வேலை செய்பவர்களே நம்பாத ஒருவரை எப்படி மேலே வைப்பது என்று மானேஜர் கேட்டாராம். பதவி மச்சானுக்குப் போனது. அக்காவை சித்தியவான் கிளைக்கு மாற்றினார்கள். ஈப்போவை ஒட்டிய லகாட்டில் வீடு, தினமும் அவ்வளவு தூரம் காரிலேயே போய்வரவேண்டும். வழியனுப்பும் நாளில் மச்சான்தான் பேசினார். யாரைப் பற்றியும் புறம் பேசாத மனுஷி என்று நெகிழ்ந்து சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி யாரும் அக்கா ஏவிவிட்டார் என்று சொல்லமுடியாது என்பதால், அடுத்த வாரமே பேண்ட்ரியில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். படம் மச்சானின் கைப்பேசியில் எடுத்தது என்றேன். யாரும் அதிரவில்லை. கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“எங்களுக்கும் அதே படத்தத்தானே காட்டினாரு? அப்பவே தெரியும்லா.”

“தெரிஞ்சா அக்கா மேல ஏன் பழி போட்டீங்க?”

“மானேஜர் தினமும் யாரக் கூட்டிக்கிட்டு சாப்பிடப் போனாருன்னு நீ பாக்கலியா? நாளைக்கு தீபாவளி லீவு யார் கையில இருக்கும்? எனக்கும் புள்ளைங்க இருக்குதும்மா.”

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டி யாரைத் திருத்துவது?

போன தீபாவளிக்கு முதல் நாள் எனக்கு வேலை. லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார். வாழ்த்துச் சொன்னார், ஒவ்வொருவரையும் விசாரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “இப்பவாச்சும் புரிஞ்சிருக்குமா, அவங்களுக்கு?” என்று கேட்டார்.

“புரிஞ்சிருச்சுக்கா. எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு” என்றேன்.

“எனக்குத் தெரியும், ஒருநாள் புரியும்னு” என்று சொல்லி அழ ஆரம்பித்தார். எப்போது புரிந்தது என்று அவர் கேட்கவில்லை.