பங்குனியில் வீடு பார்க்க வருகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் வீடு விற்கிறவர்களுக்குப் பங்குனி மாதத்தின் மேல் ஏன் இத்தனை பாசம் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்துவிடும். வயல் வெடித்துக் கிடக்கும். கால்வாய்க்குள் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். அந்த நேரத்தில் எந்த வீட்டைக் காட்டினாலும் மேட்டில் கட்டிய வீடு மாதிரிதான் தெரியும். தரகர்களுக்கு இது அத்துப்படி. வாங்கப் போகிற நாம்தான் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் போய் நின்று, காற்று நன்றாக வருகிறதே என்று மயங்கி மாட்டிக்கொள்கிறோம்.

நான் வளர்ந்தது கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில். அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் சரிவில் இறங்கிப் போய்விடும். தண்ணீர் ஓடும் என்றுதான் எனக்குத் தெரியும். ஓரிடத்தில் வந்து நிற்கும், நின்றால் நாள்கணக்கில் போகாது என்பது என் புத்தியில் ஏறியதே இல்லை. அதனால் கொட்டாரத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது குழாயைத் திருகிப் பார்த்தேன், அலமாரியைத் திறந்து பார்த்தேன், மாடியேறி ஒழுகிய கறை இருக்கிறதா என்று தேடினேன். மூன்று பக்கமும் வயல் இருக்கிறதே, வீடு நிற்கிற இடமும் மண் போட்டு நிரப்பிய வயலாகத்தானே இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. மலையில் வளர்ந்தவள் கூரையைத்தான் பார்ப்பாள்.

என் கணவர் குவைத்தில் இருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பன்னிரண்டு வருஷம் அவர் வெயிலில் நின்றது முழுக்க அந்த ஒரு வீட்டுக்குள் போகப்போகிறது. வீடியோ காலில் அறை அறையாகக் காட்டினேன். "கொள்ளாம். உனக்குப் பிடிச்சிருந்தா முடிச்சிரு" என்றார்.

வீட்டை விற்றவர் பரம்பரையாக வயல் வைத்திருந்த குடும்பம். பேச்சில் அப்படி ஒரு பதவிசு. "தங்கச்சி, வைகாசிக்குள்ள பத்திரத்த முடிச்சிருவோம் பாத்துக்கிடுங்க. ஆடி வந்திட்டுன்னா எங்க குடும்பத்துல ஒரு காரியமும் செய்யமாட்டோம்" என்றார். நாங்கள் மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆடியும் பார்ப்பதில்லை, அஷ்டமியும் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்தவர் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள்? அவருக்காக நான் நாகர்கோவில் ஆபீசில் லீவு போட்டேன். வங்கிக்கும் பத்திர எழுத்தர் வீட்டுக்கும் நாயாய் அலைந்து, வைகாசி முடிவதற்குள் பத்திரம் பதிந்து மகளோடு குடியும் வந்துவிட்டேன்.

ஆனி பிறப்பதற்கு முன்பே அணையைத் திறந்தார்கள். கால்வாயில் தண்ணீர் வந்தது. அடுத்த போகமான கன்னிப்பூ நடவுக்காகச் சுற்றியிருந்த வயலிலெல்லாம் தண்ணீர் கட்டினார்கள். பத்தே நாளில் என் ஹால் சுவர் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு நனைந்து பெயிண்ட் குமிழ்விட்டது. டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் சபைதான், ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்பெஞ்சில் உட்காருகிறவர்.

"ஏட்டி, கால்வாயில வெள்ளம் விட்டா செவுரு இப்பிடித்தான் இருக்கும். ஐப்பசியிலதான் வீட்டுக்குள்ள வரும்" என்றார், மீன் விலை சொல்வது போல.

"நான் வீடு பாக்க வந்தப்ப நீங்க வாசல்லதானே நின்னிய? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"வீடு விக்க நிக்கவங்க குடிய நாம போயி கெடுக்க முடியுமா?"

கெட்டது என் குடி. அதைப் பற்றி அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆடி மாதம் வில்லங்கச் சான்று ஒன்று வாங்கப் பத்திர ஆபீசுக்குப் போனேன். அங்கே பெஞ்சில், மடியில் பத்திரக் கட்டோடு, எனக்கு வீடு விற்ற அதே மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பாறைப் பக்கம் மேட்டு மனை ஒன்று வாங்குகிறாராம். அன்றைக்குத்தான் பதிவாம்.

"அண்ணாச்சி, இது ஆடியில்லா?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "வாங்கதுக்குக் கொழப்பமில்ல தங்கச்சி. விக்கதுக்குத்தான் பாக்கணும்."

அவர் பயந்தது ஆடிக்கு இல்லை, அணை திறப்புக்கு. என் மரியாதையைக் கொண்டே என்னை அவசரப்படுத்தியிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்காமல் வந்தேனே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அழுகைகூட வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. தண்ணீர் வாசல்படியைத் தாண்டி ஹாலுக்கும், ஹாலிலிருந்து அடுக்களைக்கும் வந்தது. நானும் மகளும் பிரிட்ஜை மேஜை மேல் தூக்கி வைக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. எதிர்வீட்டில் அப்படி ஒரு பரபரப்பும் இல்லை. அவர்கள் புரட்டாசியிலேயே கட்டிலுக்கும் பீரோவுக்கும் சிமெண்ட் கட்டை கொடுத்து உயர்த்தி வைத்துவிட்டார்கள். அதையாவது சொல்லித் தந்திருக்கலாம்.

விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். தரகரைக் கூப்பிட்டால், தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினார். "இப்ப ஆருக்கும் காட்டப்பிடாது. பங்குனி வரட்டும். அதுக்குள்ள செவுத்துல ரெண்டடிக்கு டைல்ஸ் ஒட்டிருங்க. கற தெரியாது, பாக்கவும் ஜோரா இருக்கும்." நான் ஒட்டினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா? அந்த மனிதரை நான்கு மாதம் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே, நானும் நல்ல நிறம் பார்த்து டைல்ஸ் வாங்கி ஒட்டினேன்.

பங்குனியில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவளுக்கு எட்டாவது மாசம். அவன் நாகர்கோவிலில் ஒரு கடையில் வேலை. குழாயைத் திருகிப் பார்த்தார்கள், மாடிக்கு ஏறிப் பார்த்தார்கள். அவள் ஜன்னலோரம் நின்று, "காத்து நல்லா வருதுக்கா" என்றாள். எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று உரக்கத்தான் சொன்னேன்.

"இங்க பாரு மக்கா, என் வீட்டுக்குள்ள ஐப்பசியில வெள்ளம் வரும். கால்வாயில தண்ணி விட்டா செவுரு நனையும். அத மறைக்கத்தான் இந்த டைல்ஸ்."

தரகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர்கள் போன பிறகு, "நீங்க இனி வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பைக்கை முறுக்கிக்கொண்டு போனார். கணவர் போனில் கத்தினார். "உனக்கு என்னத்துக்கு அந்த வாயி? ஒன்கிட்ட எவனாவது சொன்னானா? நான் இன்னும் எத்தன வருசம் இங்க கெடக்கணும்?" ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நிமிர்ந்து நின்று பாடினேன். தெருவிலேயே நான் ஒருத்திதான் மனுஷி என்கிற நினைப்பு.

வைகாசி கடைசியில் எதிர்வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. வீட்டை விற்றுவிட்டார்களாம். நாகர்கோவிலில் பிளாட் வாங்கிப் போகிறார்கள். யாருக்கு விற்றார்கள் என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனியில் ஒரு நாள் காலை கதவைத் தட்டும் சத்தம். பங்குனியில் வீடு பார்க்க வந்த அந்தப் பெண் நிற்கிறாள். தோளில் பச்சைப்பிள்ளை.

"அக்கா, எங்க ஹால் செவுரெல்லாம் நனைஞ்சிருக்கு. உங்களுக்கும் இப்பிடித்தானா?"

எனக்கு வந்த கோபம் அவள் மேல்தான் வந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பொறவு எதுக்கு இந்தத் தெருவுலயே வந்து வாங்கினிய?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவிய வீடு ஒரு அடி மேட்டுல இருக்குன்னு சொன்னாவ. உங்க வீடு மட்டும்தான் பள்ளமாம். நீங்களும் உங்க வீட்டுல வரும்னுதானே சொன்னிய? தெரு பூரா வரும்னு சொல்லல்லியே."

சொல்லவில்லை. எதிரே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துத்தான் 'என் வீட்டுக்குள்ள' என்று நிறுத்திக்கொண்டேன். அடுத்தவர் வியாபாரத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

"ஐப்பசியில எவ்வளவு வரும்கா?" என்று கேட்டாள்.

நான் குனிந்து என் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.